விசாரிக்க வந்தவர்

ஃபெஸ், 4 மார்ச் 1997

மகள் லுப்னாவுக்கு,

இங்கே மூவரும் நலம்: மஸூதா, உன் அம்மா, நான். யார் எவ்வளவு நலம் என்பதும் அதே வரிசையில்தான்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் உன் அம்மா இன்னும் நன்றாகச் சொல்வாள். நேற்றுக் காலை மளிகைக் கடை முஃபத்தல், கடையில் நின்ற பத்துப் பேருக்கு முன்னால் என்னை நிறுத்தி, "ஏன் கத்தூரு, நேத்து இடது கால்தானே நொண்டுன? இன்னிக்கு வலதுக்கு மாத்திட்டியா?" என்று கேட்டான். எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எந்தக் கால் என்று எனக்கே மறந்துபோயிருந்தது.

என் காலில் ஒன்றுமில்லை. நொண்டுவது நம் கழுதை மஸூதா. பின்னங்கால், இடது. தோல் மூட்டையோடு தலா கபீரா தெரு ஏற்றத்தில் ஏறும்போது தெரியாது. வெறும் முதுகோடு இறங்கும்போது தெரிகிறது. புது டயர் ரப்பர் வெட்டி லாடமாகக் குளம்பில் அடித்தும் பார்த்துவிட்டேன். இந்த நேரம் பார்த்து, நொண்டுகிற கோவேறு கழுதைகளை இனிமேல் சந்துகளுக்குள் விடப்போவதில்லை, நகராட்சி அதிகாரிகள் ஆள் வைத்துப் பார்க்கிறார்கள் என்று தோல் பதனிடும் இடத்தில் ஒரே பேச்சு. யார் சொன்னது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்கள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து நம் சந்தில் ஒருவர் சுற்றுகிறார். பழுப்பு ஜெல்லாபா அங்கி, அழுக்குப்படாத மஞ்சள் செருப்பு. இந்த ஊர்க்காரர் இல்லை. கடையைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்ப்பதில்லை, தரையையே பார்த்துக்கொண்டு நடக்கிறார். நான் "பாலக், பாலக்" என்று வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு வரும்போது எல்லாரையும் போல அவரும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். ஆனால் கண் மட்டும் கீழே, மஸூதாவின் குளம்பில். அதனால்தான் அவரைக் கண்டாலே நான் நொண்ட ஆரம்பித்தேன். மனிதன் நொண்டினால் கழுதையை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனின் யோசனை.

நீதான் ஆய்வுக்கூடத்தில் மனிதர் காலில் சின்னப் பந்து ஒட்டி நடக்கவிட்டுக் கேமராவில் பார்க்கிறாயே, நொண்டாத மாதிரி நடக்க ஏதாவது வழி இருக்கிறதா? எனக்கு இல்லை, அவளுக்கு.

உன் தந்தை,
கத்தூர்

பின்குறிப்பு: உன் போன கடிதத்தின் ஒட்டு, பிரித்து மறுபடி ஒட்டியது போல இருந்தது. தபால்காரர் நம் தெருக் கடிதங்களை முஃபத்தல் கடையில்தான் போட்டுவிட்டுப் போகிறார். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை.


ரபாத், 9 மார்ச் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சிரித்த சிரிப்பில் அடுத்த அறை ஹஃபீதா என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நொண்டாமல் நடக்க என்னிடம் வழியில்லை. எங்கள் வேலை வேறு. பத்து மீட்டர் நடைவழி. அதன் கடைசியில் ஒரு திரை, அதில் ஒரு முகம் வரும். சிரித்த முகமென்றால் கால் தாராளமாக விழுகிறது. கோப முகமென்றால், பார்த்தேன் என்று நடப்பவர் சொல்வதற்கு முன்பே அடி சுருங்கிவிடுகிறது. கேட்டால் "ஒரே மாதிரிதானே நடந்தேன்" என்று சத்தியம் செய்வார். கேமராவில் எடுத்ததைப் போட்டுக் காட்டினால் முகம் வாடிப்போகும். சென்ற வாரம் கட்டடத்தின் பின்னால் இருக்கும் சரிவின் கீழே ஆட்களை நிறுத்தி, எவ்வளவு செங்குத்து என்று கேட்டோம். கவலையோடு தனியாக வந்தவர்களுக்கு அது மலை. கூட ஒரு சிநேகிதர் நின்றவர்களுக்கு அது மேடு. சரிவு ஒன்றுதான், அப்பா.

அந்த ஆளைப் பயத்தோடு பார்த்தால் அதிகாரியாகத்தான் தெரிவார். அவருக்கு என்ன வயதிருக்கும்? யாரிடமாவது எதையாவது கேட்டாரா? சும்மாதான் கேட்கிறேன். வெளியூர்க்காரர் ஏதாவது விசாரித்தால் மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். நொண்டாதீர்கள்.

அம்மாவுக்கு முத்தங்கள்.

லுப்னா


ஃபெஸ், 16 மார்ச் 1997

மகள் லுப்னாவுக்கு,

அந்த ஆள் போய்விட்டார். தானாகப் போகவில்லை, உன் அப்பனின் சாமர்த்தியத்தால் போனார். எப்படி என்பதை நேரில் சொல்கிறேன். இந்தக் கடிதம் எத்தனை கண்களைத் தாண்டி உன்னிடம் வருகிறதோ.

இரண்டு நாளாக நேராக நடக்கிறேன். ஆனாலும் முஃபத்தல் விடுவதாயில்லை. "என்ன கத்தூரு, கால் ரெண்டும் சமாதானம் ஆயிடுச்சா?" என்கிறான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. கழுதையைப் பற்றி எழுதினால் நீ ஆளின் வயதைக் கேட்கிறாய். ஏன்? உன் அம்மாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் அவள் மாவு பிசைவதை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். பிறகு மறுபடி பிசைய ஆரம்பித்துவிட்டாள்.

வயது ஐம்பத்தைந்து இருக்கும். போதுமா?

உன் தந்தை,
கத்தூர்


ரபாத், 24 மார்ச் 1997

அப்பா,

இதை அம்மாவுக்குத்தான் எழுத வேண்டும், ஆனால் அவளுக்கும் நீங்கள்தானே படித்துக் காட்ட வேண்டும். அதனால் வெட்கத்தை விட்டு உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கேமரா பார்த்துக்கொள்பவர் ஜவாத். தாஸா ஊர்க்காரர். இரண்டு வருடமாகத் தெரியும். என்னைப் பெண் கேட்டு வர வேண்டும் என்று வீட்டில் சொன்னார். அவர் அம்மா முறைப்படி, முதலில் யாருக்கும் சொல்லாமல் ஒருவரை அனுப்பிக் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். ஜவாதின் தாய்மாமா ஸி அல்லால் வந்தார். எனக்கு முன்பே தெரியும். சொல்லாமல் இருந்தது என் தப்பு. முன்கூட்டித் தெரிந்த வீடு வாசலைக் கழுவி வைக்கும், அப்படிப் பார்ப்பது பார்ப்பதே இல்லை என்று ஜவாத் சொன்னார். நானும் ஒத்துக்கொண்டேன்.

மாமா திரும்பிப் போய்ச் சொன்னது இது. சந்தில் இரண்டு பேரிடம் கேட்டாராம், கேள்வி முடிவதற்குள் "தெரியாது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்களாம். குழாயடியில் ஒருவர் மட்டும் நின்று பேசினாராம். கத்தூர் சண்டைக்காரன், ஒருவரோடும் ஒத்துப்போகாதவன், கழுதையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டான், தேடாதீர்கள் என்றாராம். அந்தப் புண்ணியவானின் பெயரையும் மாமா கேட்டு வைத்திருக்கிறார். முஃபத்தல்.

ஜவாதின் அம்மா, அந்தப் பேச்சை இனி எடுக்காதே என்று சொல்லிவிட்டார்.

தன் அக்கா மகனுக்கு என்னைக் கேட்டு நீங்கள் மாட்டேன் என்று சொன்னதை முஃபத்தல் இத்தனை நாள் மனதில் வைத்திருந்தானா? தினமும் உங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே? கடிதங்களையும் அவன்தான் பிரித்திருப்பான். நீங்கள் போய் அவனைக் கேட்க வேண்டும், அப்பா. தெருவில் நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்க வேண்டும். அவன் ஒப்புக்கொண்டால்தான் ஜவாத் வீட்டில் இன்னொரு முறை பேச முடியும்.

லுப்னா


ஃபெஸ், 30 மார்ச் 1997

மகள் லுப்னாவுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். படித்துக் காட்டாமல் இருந்திருக்கலாம். கேட்ட கையோடு பாதிப் பிசைந்த மாவை அப்படியே தூக்கிக்கொண்டு ரொட்டி சுடும் பொது அடுப்புக்குப் போய், வரிசையில் நின்ற அத்தனை பெண்களிடமும் முஃபத்தலின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள். இப்போது சர்க்கரைக்கும் டீத்தூளுக்கும் மூன்று சந்து தள்ளி நடக்கிறாள். இன்னும் ஏழு வீடுகள் அப்படியே நடக்கின்றன.

முஃபத்தல் நேற்று வாசலுக்கு வந்தான். "நான் என்ன பண்ணேன் கத்தூரு? வாயத் தொறந்து சொல்லு. உன் காலைக் கிண்டல் பண்ணதுக்கா இவ்வளவு?" என்றான். நான் மஸூதாவின் சேணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அவன் கடையைத் தாண்டிப் போக முன்பு நாலு எட்டு போதும். இப்போது அந்த வழி நீண்டுவிட்டது. மஸூதாகூட அங்கே வந்தால் மெதுவாகிறாள், அல்லது நான் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறேன், தெரியவில்லை. இதற்கும் உன் ஆய்வுக்கூடத்தில்

2 ஏப்ரல்

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கவில்லை. மூன்று நாளாக இந்தத் தாள் அங்கியின் பைக்குள் என்னோடு ஊர் சுற்றியது.

முஃபத்தல் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

குழாயடியில் மஸூதாவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் வந்து சலாம் சொன்னார். "இங்க கத்தூர்னு ஒருத்தர், தோல் சுமக்கற கழுதைக்காரர், அவரு வீடு எதுங்க?" என்றார்.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். "எந்தக் கத்தூரு? அந்தச் சண்டைக்காரனா? அவன் கழுதைய வித்துட்டுப் போயிட்டானே" என்றேன்.

"எங்க போனாரு?"

"யாரு கண்டா. இருந்தவரைக்கும் ஒருத்தரோடயும் ஒத்துப்போனதில்ல. தொலைஞ்சான்னு இருக்கோம்."

"குடும்பம்?"

"எல்லாத்தையும் கூட்டிட்டுத்தான் போனான். அவனத் தேடி உங்களுக்கு என்ன ஆகப்போகுது, விடுங்க."

அவர் மஸூதாவைப் பார்த்தார். "அப்ப இது?"

"இது என்னோடது."

"உங்க பேரு?"

வாயில் முதலில் வந்த பெயர் அது. நாள் முழுக்க என்னைக் கேலி செய்தவன் பெயர்தானே நாக்கு நுனியில் இருக்கும்? முஃபத்தல் என்றேன். கூடவே ஒரு தடவை நொண்டிக் காட்டினேன், இடது கால்.

வீடு வந்து உன் அம்மாவிடம், ஒரு அதிகாரியை எப்படித் திருப்பியனுப்பினேன் என்று மார்தட்டினேன். யார், என்ன பேசினோம் என்று மட்டும் சொல்லவில்லை. அதையும் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் கண்டுபிடித்திருப்பாள். இன்று காலை எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டியை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவரை அதிகாரி என்று நினைத்துவிட்டேன் மகளே. உன் திரையில் வரும் முகம் மாதிரிதான்.

உன் தந்தை,
கத்தூர்


ரபாத், 8 ஏப்ரல் 1997

அப்பா,

கடிதம் வந்தது. வேலை நடக்கும் இடத்திலேயே நின்றுகொண்டு படித்தேன். ஜவாத் கேமராவுக்குப் பின்னால் இருந்தார். இப்போதெல்லாம் அவர் நிமிர்வதில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் அதே பத்து மீட்டர்தான், கடந்துபோய்ப் பேச முடியவில்லை.

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். சிரிக்க வைத்தே எதையும் தாண்டிப் போய்விடுவீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ரபாத்தில் எனக்கு இடம் கிடைத்த கடிதம் மஸூதாவின் சேணப்பையில் பதினொரு நாள் கிடந்தது. மறந்துவிட்டேன் என்றீர்கள். அப்போதும் சிரித்தோம். சேர வேண்டிய கடைசி நாளில் நான் வந்து நின்றேன். விடுதியில் சேர்த்துவிட வந்தபோது பேருந்து நிலையத்தில் தப்பான வண்டியில் ஏறி உட்கார்ந்தீர்கள். அதற்கும் சிரித்தோம். இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் பார்க்கிறேன்.

திரையில் வரும் முகத்தைச் சொல்லித் தப்பிக்காதீர்கள். அதை உங்களுக்கு எழுதியது நான். அங்கே நடப்பவருக்கு அடி கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். அவர் நின்று, யோசித்து, ஐந்து கேள்விக்குப் பொய்ப் பதில் சொல்வதில்லை.

முதலில் முஃபத்தல் மாமாவிடம் போங்கள். அவரை நான் அவன் இவன் என்று எழுதினேன். நீங்கள் பேசாமல் இருந்து என்னையும் அப்படி எழுத வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அவர் யார் என்று உங்களுக்கு உண்மையாகவே தெரியாதா? பதில் இல்லையென்றால் கடிதம் வேண்டாம். பெருநாளைக்கு நான் வரவில்லை.

லுப்னா


ஃபெஸ், 28 ஏப்ரல் 1997

மகள் லுப்னாவுக்கு,

நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

முஃபத்தலிடம் கடை நிறைய ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவன் தராசைக் கீழே வைத்தான். "ஊர்ல உனக்கு வேற பேரே கிடைக்கலியா?" என்றான். ரொம்ப நேரம் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். பிறகு உன் அம்மாவைக் கூப்பிட்டனுப்பி, பொது அடுப்பில் சொன்ன அதே பெண்களிடம் அவளே திருத்திச் சொல்ல வேண்டும் என்றான். அவள் போய்ச் சொன்னாள். என் பெயரைச் சொல்லித்தான். இப்போது அவன் என்னைத் தெருவில் பார்த்தால், "வாங்க ஸி முஃபத்தல், கத்தூரு பேசறேன்" என்று மரியாதையாக 'ஸி' போட்டுக் கூப்பிடுகிறான். உரிமை அவனுக்குத்தான். கடித ஒட்டையும் கேட்டேன். கடையில் எண்ணெய் டின் மேல் வைப்பானாம், சூட்டில் பசை தானாகப் பிரிகிறதாம். நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு முகம் இல்லை.

பெருநாள் முடிந்த ஐந்தாம் நாள் தாஸாவுக்குப் பேருந்து ஏறினேன். சரியான வண்டிதானா என்று நடத்துநரிடம் மூன்று தடவை கேட்டேன். "தாஸாதான் பெரியவரே, உங்க கால் மேல சத்தியம்" என்றான். எல்லாருக்கும் என் கால்தான் கிடைத்தது.

ஸி அல்லால் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும், "அடடே, ஸி முஃபத்தல். வாங்க. கால் எப்படி இருக்கு?" என்றார்.

"என் பேரு கத்தூருங்க" என்றேன்.

அவர் என்னை வெளியே தள்ளியிருக்கலாம். புதினா டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கழுதை, கால், ஊரில் நடந்த பேச்சு, எல்லாம் சொன்னேன். "நீங்க தரையவே பாத்துட்டு நடந்தீங்க, அதான் குளம்பப் பாக்கறீங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

"உங்க ஊரு கல்லு எப்பவும் ஈரமா இருக்கு. என் செருப்பு புதுசு. விழுந்து பல்லு போயிடுமோன்னு கீழ பாத்து நடந்தா அது ஒரு குத்தமா?" என்றார். பிறகு, "அப்ப நீங்க நொண்டி இல்லியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"எங்க, நடந்து காட்டுங்க."

அவர்கள் வீட்டு முற்றம் பெரியதில்லை. பன்னிரண்டு எட்டு இருக்கும். மேலே மரச்சட்டம் போட்ட சன்னல், அதன் பின்னால் நிழல்கள். ஜவாதின் அம்மாவும் அத்தைகளும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. பையன் வீட்டுப் பெண்கள் ஹம்மாமில், பொதுக் குளியலிடத்தில் வைத்துப் பெண்ணைப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்பனை முற்றத்தில் நடக்கவிட்டுப் பார்த்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும். நாற்பது வருடமாக நடந்தே பிழைக்கிறவன் நான். அந்தப் பன்னிரண்டு எட்டில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வலது காலோடு வலது கையும் சேர்ந்து போனது. திரும்பும்போது நிஜமாகவே நொண்டினேன். மேலே ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. ஸி அல்லால் டீயைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீ சொன்னது சரிதான் மகளே. சிரிக்க வைத்துத்தான் அங்கேயும் தாண்டினேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். மே மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, சர்க்கரைக் கூம்பும் பாலும் பேரீச்சையுமாக முறையாகப் பெண் கேட்டு வருவதாகச் சொன்னார். நீ இன்னும் அந்தப் பையன் வேண்டும் என்று நினைத்தால் மட்டும், அதைத் தெரிந்துகொண்டு எழுதச் சொன்னார். உன் அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்துவிட்டாள். நீ வேண்டாம் என்றால் சுண்ணாம்பு வீணாகிவிட்டுப் போகட்டும்.

அப்போதுதான் ஸி அல்லால் கேட்டார். "ஸி கத்தூர், ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு நீங்க என்னைய நிஜமாவே அதிகாரின்னுதான் நினைச்சீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்து, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே என்னைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். குழாயடியில் முதலில் கேட்டது அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்று அப்போது புரிந்தது. மறந்த மாதிரி நின்றாரே, அது எனக்காக இல்லை. உனக்காக.

சேணப்பையில் பதினொரு நாள் என்று எழுதியிருந்தாய். பதினான்கு நாள்.

நீ கேட்ட கேள்விக்கு இனி வருகிறேன். ஸி அல்லாலிடமும் உன் அம்மாவிடமும் முஃபத்தலிடமும் நான் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சந்தில் அவரைப் பார்த்த நாட்களில் அதிகாரி என்றுதான் நினைத்தேன், அது சத்தியம். குழாயடியில் நடந்ததைத்தான் உனக்கு முழுதாக எழுதவில்லை. அவர் முதலில் கேட்டது என் வீட்டை அல்ல, மகளே. "ரபாத்ல படிக்கற லுப்னாவோட வீடு எதுங்க?" என்று கேட்டார். பெண் கேட்டு வந்தவர் என்று புரிந்தும், நான் காதில் விழாதது போல வாளியை இன்னொரு தடவை நிரப்பினேன். அதற்குப் பிறகுதான் அவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.